அடைக்கலமும் வழக்குரையும்: வன்னிக் கண்ணகி மரபும் இடம்பெயர்ந்தோர் சமயமும்

1

இடம்பெயர்ந்த மக்களைப் பற்றி எழுதப்படும் அறிக்கைகளின் மொழியைச் சற்று ஊன்றிக் கவனிப்போர்க்கு ஓர் இலக்கண உண்மை புலப்படும். மக்கள் வெளியேற்றப்பட்டனர், முகாம்களிலே தங்கவைக்கப்பட்டனர், அவர்களுக்கு உலருணவு வழங்கப்பட்டது, ஈற்றில் மீள்குடியேற்றப்பட்டனர். வாக்கியங்கள் அனைத்தும் செயப்பாட்டு வினையில் முடிவன. இவ்வாக்கியங்களில் அகதி எழுவாயாக நிற்பினும் வினைமுதலாக நிற்பதில்லை. வினைமுதல் அரசாகவோ, படையாகவோ, தொண்டு நிறுவனமாகவோ இருக்கும். பலவேளைகளில் அது சொல்லப்படாமலே விடப்படும்.

இவ்வாறு வினைமுதல் தன்மை பறிக்கப்பட்ட மக்கள் தம் சமய வாழ்விலே எத்தகையோராக விளங்குகின்றனர் என்ற வினா ஆராய்தற்குரியது. நமது விமரிசன உலகில் இதற்கு இரு விடைகள் வழக்கிலுள்ளன. துன்பத்திற்கு ஆளானோர் கோயிலை நாடுவது இயலாமையின் வெளிப்பாடே என்பது ஒன்று. சமயத்தை அபினுக்கு ஒப்பிட்ட மார்க்ஸின் கூற்று இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். ஆயின், மார்க்ஸ் அதே பந்தியிலே சமயத்தைத் துன்பத்தின் வெளிப்பாடாக மட்டுமன்றி, அத்துன்பத்திற்கெதிரான மறுப்பாகவும் கண்டார் என்பதை நம்மவர் பலர் வசதியாக மறந்துவிடுவர். மற்றைய விடை இதற்கு நேர்மாறானது. ஒடுக்கப்பட்டோரின் ஒவ்வொரு விளக்கிலும் ஒவ்வொரு வேண்டுதலிலும் எதிர்ப்பைக் காண்பது அது. நலிந்தோரின் அன்றாட எதிர்ப்பு வடிவங்களைப் பற்றி ஜேம்ஸ் ஸ்கொட் 1985இல் நூலொன்று வெளியிட்ட பின்னர் இந்நோக்குப் பரவலாயிற்று. எகிப்தியப் பெண்களின் இஸ்லாமியப் பக்தி இயக்கத்தை ஆராய்ந்த சபா மஹ்மூத் 2005இல் இதனை மறுத்தார். செயலாற்றும் திறனை எதிர்ப்போடு மட்டும் இணைத்துப் பார்ப்பது பக்தியைப் பக்தியாகக் காணவிடாது என்பது அவர் வாதத்தின் சாரமாகும்.

இவ்விரு விடைகளும் வன்னிக்குப் போதா என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். வன்னியின் மிகப் பெரிய வழிபாட்டு மரபாகிய கண்ணகி மரபு, இடம்பெயர்ந்தோரின் சமயத்தை மதிப்பிடுதற்குரிய அளவுகோல்களைத் தன்னகத்தே கொண்டுள்ளது. அடைக்கலம் என்பது ஒன்று. வழக்குரை என்பது மற்றொன்று. முன்னையது வந்தவரை ஏற்பவரின் கடமை. பின்னையது வந்தவரின் உரிமை. இவ்விரண்டையும் கொண்டு அண்மைக்கால வன்னியின் அனுபவங்கள் சிலவற்றை ஈண்டு நோக்குவாம்.

2

முல்லைத்தீவு மாவட்டத்திலே நந்திக்கடல் ஓரத்தில் அமைந்துள்ள வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் ஐதிகம் வன்னியிலே பிறந்த எவரும் அறிந்தது. மதுரையை எரித்த கண்ணகி கடல் கடந்து இலங்கைக்கு வந்து பல இடங்களிலே தங்கினாள். அவற்றுள் பத்தாவது இடம் இதுவாதலின் பத்தாம்பளை எனப் பெயர்பெற்றுப் பின்னர் வற்றாப்பளை ஆயிற்று என்பர். பெயர் விளக்கத்தின் மொழியியற் பொருத்தம் ஒருபுறமிருக்க, அவ்விளக்கம் தெய்வத்தை ஓரிடத்திற் பிறந்தவளாகவன்றி, இடம் மாறி இடம் மாறி வந்து சேர்ந்தவளாகவே காண்கின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

கதை வருமாறு: நந்திக்கடற் கரையில் மாடு மேய்க்கும் சிறுவர்கள் ஒரு மூதாட்டியைக் காண்கின்றனர். அவள் பசிக்கின்றது என்கிறாள். சிறுவர் அவளுக்கு இருக்க இடம் அமைத்துக் கொடுத்துப் பொங்கிப் படைக்கின்றனர். பொழுது படுகின்றது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல்நீரை விட்டு விளக்கேற்றுமாறு அவள் கூற, அவ்வாறே செய்கின்றனர், விளக்கு எரிகின்றது. பின்னர் தன் தலையிலே பேன் பார்க்குமாறு கேட்கின்றாள். சிறுவர் கூந்தலை விலக்கிப் பார்க்க, தலையெங்கும் ஆயிரம் கண்கள் தோன்றுகின்றன. அவர்கள் அஞ்சி நிற்க, மூதாட்டி மறைந்துவிடுகின்றாள்.

இக்கதையிலே கண்ணகி அரசியாகவோ பத்தினித் தெய்வமாகவோ அறிமுகமாவதில்லை. ஊரும் பெயரும் தெரியாத, பசித்த, முதிய பெண்ணொருத்தியாகவே வருகின்றாள். அவளை ஏற்போரும் வன்னியரோ முதலியாரோ அல்லர். காடு கரையில் மாடு மேய்க்கும் பிள்ளைகள். வந்தவள் யார் எனக் கேட்ட பின்னர் அவர்கள் உணவு கொடுக்கவில்லை. உணவு கொடுத்த பின்னரே அவள் யாரென அறிகின்றனர். விருந்தோம்பலின் இவ்வொழுங்குமுறை கதையின் உயிர்நிலை எனலாம்.

ஆயிரங்கண் தோன்றும் இடமும் ஆழ்ந்து நோக்கற்பாலது. பேன் பார்த்தல் பராமரிப்புச் செயல். பராமரிக்கப்படுபவள் தலை குனிந்திருக்க, பராமரிப்போர் மேலிருந்து பார்ப்பர். அந்நிலையிலேயே பார்க்கப்பட்ட தலை திரும்பிப் பார்க்கின்றது. இரக்கத்திற்குரியவளாகக் கருதப்பட்டவள் எல்லாவற்றையும் கண்ட சாட்சியாக மாறுகின்றாள். பிற்காலத்தில் முகாம்களிலே தலை எண்ணப்பட்டு, முகமூடியிட்ட தலையாட்டிகளின் முன் நிறுத்தப்பட்ட ஒரு சமூகம் இக்கதையைக் கேட்கும்போது அதற்குக் கிடைக்கும் பொருள் முன்னோர் கேட்ட பொருளினும் கனமானது.

3

இவ்வைதிகத்தைச் சிலப்பதிகாரத்தோடு வைத்து நோக்கும்போது அதன் இலக்கியப் பெறுமதி தெளிவாகும். இளங்கோவின் காப்பியத்திலே பதினைந்தாம் காதையின் பெயர் அடைக்கலக் காதை; இருபதாவது வழக்குரை காதை. புகாரினின்று இரவோடிரவாகப் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் மதுரைப் புறஞ்சேரியை அடைகின்றனர். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடைச்சியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கின்றார். மாதரி தன்னால் இயன்ற அனைத்தையும் செய்கின்றாள். ஆயினும் நகரத்து நீதி ஒரே நாளில் அவ்வடைக்கலத்தை முறித்துவிடுகின்றது. தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலத்தைக் காக்க இயலாமற் போனமைக்காக மாதரி தீப்புகுந்த செய்தியை நீர்ப்படைக் காதையில் மாடலன் கூறக் கேட்கின்றோம். காப்பியத்தை ஊழின் கதையாகவும் கற்பின் கதையாகவும் கற்பித்துப் பழகிய நாம், அது முறிந்துபோன ஓர் அடைக்கலத்தின் கதையுமாகும் என்பதைப் போதிய அளவு கவனிக்கவில்லை.

வற்றாப்பளை ஐதிகம் இவ்விடத்திலேயே கதையை மீண்டும் எடுத்துக்கொள்கின்றது. மதுரையில் அவளை ஏற்றவர் ஆயர். நந்திக்கடலில் ஏற்போரும் மேய்ப்பரே. மதுரையிலே மாதரி வீட்டு உணவுக்குப் பின்னர் கொலை நிகழ்ந்தது. இங்கே பொங்கலுக்குப் பின்னர் விளக்கு எரிகின்றது. மதுரையில் தோற்ற அடைக்கலம் நந்திக்கடற் கரையிலே நிறைவேறியதாக வன்னி மக்கள் கதை செய்துகொண்டனர். காப்பியத்தின் முடிவில் சேரநாட்டு மலையிலே விண்ணேறிய பெண்ணை மீண்டும் மண்ணுக்கு இறக்கி, அவளுக்கு ஒரு நேர உணவு கொடுத்தமையே வன்னிக் கண்ணகி மரபு தமிழிலக்கியத்திற்கு அளித்த கொடையாகும்.

ஈழத்து ஏட்டு மரபு மேலும் ஒரு மாற்றத்தைச் செய்துள்ளது. மட்டக்களப்பிலே கண்ணகி வழக்குரை எனவும், யாழ்ப்பாணத்திலே கோவலனார் கதை எனவும், முல்லைத்தீவுப் பகுதியிலே சிலம்பு கூறல் எனவும் வழங்கும் பாடல்கள் ஒரே கதைமரபைச் சார்ந்தவை. மட்டக்களப்பு மரபினைப் பண்டிதர் வீ. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்தார். இக்கதைமரபிலே கண்ணகி பாண்டியனின் சோலையில் மாங்கனியிலிருந்து தோன்றுகின்றாள். அவளால் மதுரைக்கு அழிவு நேரும் எனச் சோதிடர் கூற, குழந்தை பேழையில் வைத்துக் கடலில் விடப்படுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் அதனைக் கண்டெடுத்து வளர்க்கின்றனர்.

இளங்கோவின் கண்ணகி மதுரைக்கு அயலவள். பிழைப்புத் தேடி வந்த ஊரில் நீதி கேட்கின்றாள். ஈழத்துக் கண்ணகியோ மதுரையினாலே கடலில் எறியப்பட்டவள். தன்னைத் துரத்திய அரசின் வாயிலிலேயே மீண்டும் வந்து நிற்கின்றாள். முன்னையவள் வழக்குத் தன் கணவன் கள்வன் அல்லன் என்பது. பின்னையவள் வழக்கில் அதனோடு, தான் ஏன் வெளியேற்றப்பட்டாள் என்ற கேளாத கேள்வியும் சேர்ந்துகொள்கின்றது. இம்மாற்றத்தைச் செய்த புலவரின் நோக்கம் யாதாயினும், கடலில் விடப்பட்ட பிள்ளையின் கதையாக அதனைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட மக்களுக்கு வழக்குரைப்பவள் எப்பொழுதும் இடம்பெயர்ந்தவளாகவே இருந்துள்ளாள். நூலின் பெயரே அதன் மையத்தைச் சுட்டும். அது கண்ணகி கற்பு எனவோ கண்ணகி வெற்றி எனவோ பெயர்பெறவில்லை. கண்ணகி வழக்குரை என்றே பெயர்பெற்றது.

4

ஐதிகம் ஏட்டிலும் வாய்மொழியிலும் மட்டும் நின்றுவிடவில்லை. வைகாசி மாதத்துப் பூரணையை ஒட்டிய திங்கட்கிழமையில் நடைபெறும் பொங்கல் அதனை ஆண்டுதோறும் நிகழ்த்திக் காட்டுகின்றது. பாக்குத் தெண்டலுடன் கிரியைகள் தொடங்கும். சிலாவத்தைத் தீர்த்தக்கரையிலே கடல்நீர் எடுக்கப்பட்டு, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்நீரால் விளக்கேற்றப்படும். அங்கு பொங்கல் நிகழ்ந்தபின் மடைப்பண்டங்கள் வற்றாப்பளைக்கு எடுத்துச் செல்லப்படும்.

கடல்நீர் விளக்கை அற்புதமாகக் கொள்வோரும் உளர். அதன் இரசாயனத்தை வினவுவோரும் உளர். விமரிசகனுக்கு இவ்விரண்டினும் முக்கியமானது அதன் பொருள். எண்ணெய் இல்லாதபோது கையிலுள்ளதைக் கொண்டு வெளிச்சம் உண்டாக்குவதே கதையின் கருத்து. 1990களிலே பொருளாதாரத் தடையின் கீழ் மண்ணெண்ணெய் அரும்பொருளாகியபோது வன்னி மாணவர் ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெய் விட்டுத் திரியேற்றிய விளக்கிலே படித்தனர். தெய்வக் கதை அவ்விளக்கைக் கண்டுபிடிக்கவில்லை. ஆயின், இல்லாமையிலும் விளக்கேற்றலாம் என்ற நம்பிக்கையை அச்சமூகம் முன்னரே சடங்காகப் பயின்றிருந்தது.

வற்றாப்பளையைச் சார்ந்த மற்றொரு கதை ஆட்சியாளனைப் பற்றியது. அம்மனின் புதுமையை இகழ்ந்து, அதனைக் காட்டும்படி பூசாரியை அச்சுறுத்திய வெள்ளைத்துரை ஒருவன்மீது கோயிலடிப் பன்னிச்சை மரம் தன் காய்களை எறிந்தது என்பர். பன்னிச்சை ஆடியமையைப் பாடும் சிந்தும் வழக்கிலுண்டு. அரசனிடம் நீதி கேட்ட தெய்வம், அரசன் செவிசாயாவிடின் மரத்தைக் கொண்டேனும் விடை கூறுவாள் என்னும் எண்ணம் இதிற் காணப்படுகின்றது. எனினும், இது தோற்றவர்கள் தமக்குத் தாமே கூறிக்கொண்ட வெற்றிக் கதை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும். பன்னிச்சங்காய் எந்த ஆட்சியையும் வீழ்த்தவில்லை.

இவ்விடத்திலே ஒரு வலுவான மறுப்பு எழலாம். கண்ணகி வழிபாட்டின் உட்பொருள் சினம் தணித்தல் ஆகும். பொங்கலும் குளிர்த்தியும் எரிந்த நெஞ்சைக் குளிர்விப்பன. அவ்வாறாயின், அநீதியால் எழுந்த சினத்தை ஆண்டுதோறும் ஆற்றிவிடும் சடங்கு ஆள்வோர்க்கன்றோ பயன்படும்? பத்தினி வழிபாட்டைப் பற்றி 1984இல் விரிவான நூல் எழுதிய கணநாத் ஒபயசேகர, அதற்கு முன்னரே 1975இல், சாபமிடும் சடங்குகள் வன்மத்தை வேறு வழியிற் செலுத்தும் வடிகால்களாக அமைதலை ஆராய்ந்துள்ளார். இம்மறுப்பைப் புறந்தள்ளல் இயலாது.

ஆயினும் சடங்கின் மறுநிகழ்வை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும். முடிந்த வழக்கை எவரும் ஆண்டுதோறும் எடுப்பதில்லை. குளிர்விக்கும் ஒவ்வோர் ஆண்டும், குளிர்விக்கவேண்டிய வெப்பம் இன்னும் உள்ளது எனச் சமூகம் ஒப்புக்கொள்கின்றது. சடங்கு சினத்தைத் தணிக்கின்றது என்பது உண்மை. சினத்திற்குரிய காரணத்தை மறக்கவிடாது வைத்திருக்கின்றது என்பதும் அதேயளவு உண்மை. எரித்தலுக்கும் மறத்தலுக்கும் இடையே இதனை மூன்றாவது வழி எனலாம்.

5

அடைக்கலம் என்னும் அளவுகோலை வன்னிச் சமூகத்தின் மீதே வைத்துப் பார்க்கும் நேர்மை நமக்கு வேண்டும். கதையிலே வந்தவளுக்குச் சோறு கிடைத்தது. வரலாற்றிலே வந்தோர்க்கு யாது கிடைத்தது?

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழருட் பலர், 1970களின் முற்பகுதியிலே தோட்டங்களிற் பரவிய பஞ்சத்தாலும் 1977 ஆகஸ்ட் வன்செயலாலும் உந்தப்பட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளுக்கு வந்தனர். வவுனியாவிலே வைத்தியர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் முன்னின்று நடத்திய காந்தீயம் இயக்கம் இவர்களைக் குடியமர்த்தப் பெரிதும் முயன்றது. இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். டொலர் பண்ணை, கென்ற் பண்ணை ஆகியவற்றிற் குடியேறிய குடும்பங்கள் 1984இல் அங்கிருந்து அகற்றப்பட்டு, அவ்விடங்களிற் சிறைக்கைதிகள் குடியேற்றப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் 30இல் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் அப்புதிய குடியேறிகள் கொல்லப்பட்டனர். இடம்பெயர்ந்தோரின் நிலம் எவ்வளவு விரைவாகப் போர்க்களமாக மாறும் என்பதற்கு அப்பண்ணைகள் துயரமான சான்று.

எஞ்சியோர் வன்னியிலே வேரூன்றினர். கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற ஊர்கள் அவர்களின் உழைப்பால் எழுந்தவை. ஆயினும், காணி உறுதி அற்றவராகவும் பிறர் வயல்களிற் கூலி பெறுவோராகவும் பலர் நீண்டகாலம் வாழ நேர்ந்தது. வன்னியும் யாழ்ப்பாணமும் அவர்களுக்கு வேலை கொடுத்தன. சம ஆசனம் கொடுக்கத் தயங்கின. கோயில்களின் உரிமையும் உபயமும் பழங்குடிகளின் கையிலேயே இருந்தன. வந்தோர் தமது மாரியம்மனைத் தாமே பிரதிட்டை செய்துகொண்டனர்.

அவர்கள் தம் நினைவிலே கொண்டுவந்த காமன் கூத்தை ஈண்டு ஒப்புநோக்குதல் பயனுடைத்து. மலையகத்திலே மாசி, பங்குனி மாதங்களில் ஆடப்படும் அக்கூத்தில் சிவனது நெற்றிக்கண்ணால் காமன் எரிகின்றான். இரதி புலம்பி வழக்காடுகின்றாள். பின்னர் காமன் உயிர்ப்பிக்கப்படுகின்றான். கண்ணகியும் இரதியும் அதிகாரத்தினாற் கணவனை இழந்தவர்கள். இருவரும் அவ்வதிகாரத்தின் முன்னே சென்று கேட்கின்றனர். ஒருத்தி நகரை எரிக்கின்றாள். மற்றவள் எரிந்தவனை மீட்கின்றாள். இரு பெண்களின் வழக்குரையும் ஒரே மண்ணில் அயலயலாக வந்து சேர்ந்தும், ஒன்றையொன்று அறிந்துகொள்ளப் போதிய வாய்ப்பின்றி இருந்தமை நமது பண்பாட்டு வரலாற்றின் குறைபாடாகும். அதற்குக் காரணம் சமயமன்று, சமூகப் படிநிலையே.

இதனினும் கடுமையான சோதனை 1990 ஒக்டோபரில் நேர்ந்தது. அம்மாதத்தில் முல்லைத்தீவு, கிளிநொச்சி உட்பட வடமாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். பலர் புத்தளத்திலே கால் நூற்றாண்டு அகதிகளாக வாழ்ந்தனர். போர் முடிந்தபின் முல்லைத்தீவுக்குத் திரும்பியோருக்கு முள்ளியவளைப் பகுதியிலே காணி வழங்குவதும் சச்சரவுக்குள்ளாயிற்று. அகதிகளின் நாடே அகதிகளை உண்டாக்கியது என்னும் இவ்வுண்மையைச் சொல்லாது, வன்னியின் விருந்தோம்பலைப் புகழும் கட்டுரை எதுவும் முழுமையடையாது. அடைக்கலம் தவறியமைக்காக மாதரி தன்னையே தண்டித்துக்கொண்டாள். நாம் அக்காதையைப் படித்த அளவிற்கு அதன் கடுமையை நமக்குரியதாக்கவில்லை.

6

போர்க்கால வன்னியிலே தெய்வமும் மக்களோடு நடந்தது. நிருவாக எல்லைப்படி மன்னார் மாவட்டத்ததாயினும் வன்னிக் காட்டின் நடுவே அமைந்துள்ள மடுத் திருத்தலத்தின் வரலாறு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தரின் ஒறுப்புக்கு அஞ்சிய கத்தோலிக்கர் மாந்தையிலிருந்த மாதாவின் திருச்சொரூபத்தைக் காட்டுக்குள் எடுத்துச் சென்றனர் என்பது அத்தலத்தின் மரபு. அகதிகளே அக்கோயிலின் ஆதி அடியார்; சொரூபமே ஓர் அகதி.

1990க்குப் பின்னர் மடு ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் புகலிடமாயிற்று. கத்தோலிக்கரும் சைவரும் ஒரே வளவிலே கொட்டில் அமைத்து வாழ்ந்தனர். 1999 நவம்பர் 20இல் ஆலய வளவினுள் வீழ்ந்த எறிகணைகளால் அங்கு தஞ்சமடைந்திருந்தோரில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2008 ஏப்ரலிலே போர் மீண்டும் நெருங்கியபோது குருமார் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில் அது மடுவுக்குத் திரும்பியது. மூன்று நூற்றாண்டுக்கு முந்திய பயணம் மீளவும் நிகழ்ந்தது. தெய்வம் அசையாது நிற்க, அடியார் அதனிடம் செல்வர் என்பதே திருத்தல மரபு. இங்கே அடியார் ஓட, தெய்வமும் ஓடியது. இதனைத் தெய்வத்தின் தோல்வி என மக்கள் கருதவில்லை. தம்மோடு கூடவந்த உறவாகவே கொண்டனர். காப்பாற்றும் தெய்வம் என்ற கருத்து, உடன்வரும் தெய்வம் என்ற கருத்தாக மாறியது இக்காலத்தின் முக்கியமான சமய மாற்றம் எனலாம்.

இலக்கியத்திலும் இம்மாற்றத்தின் தடயம் உண்டு. 1995 ஒக்டோபர் 30இல் தொடங்கிய யாழ்ப்பாண இடப்பெயர்வின் பின்னர் வன்னியில் வாழ்ந்த நிலாந்தன், 2002இல் வெளியான தம் நூலுக்கு ‘வன்னி மான்மியம்’ எனப் பெயரிட்டார். மான்மியம் என்பது தலத்தின் பெருமை கூறும் சமய நூல்வகை. அசையாத தலத்திற்குரிய அப்பெயரை அலைந்துகொண்டிருந்த ஒரு நிலத்தின் கதைக்குச் சூட்டியமை, பழைய சமய வடிவங்களுக்குப் புதிய பாரத்தைச் சுமத்திய முயற்சியாகும்.

2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களிலே அடைக்கலம் என்ற சொல் தன் பொருளை முற்றாக இழந்தது. அதன் இடத்திலே பாதுகாப்பு வலயம் என்ற சொல் வந்தது. ஜனவரியில் முதலாவது வலயம் அறிவிக்கப்பட்டது; பின்னர் அது கடற்கரையோரத்திற்கு மாற்றப்பட்டு மேலும் குறுகியது. அரச படையினரின் எறிகணைகள் வலயங்களுள் வீழ்ந்தமையையும், வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்தும் சுட்டும் வைத்திருந்தமையையும் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்துள்ளது. மூதாட்டிக்குப் பொங்கல் கிடைத்த அதே நந்திக்கடலின் ஓரத்திலேதான் இவ்வவலம் முடிவுற்றது. எஞ்சியோர் அந்நீரேரியைக் கடந்து வந்து, ஏறத்தாழ 2,80,000 பேராக முகாம்களுள் அடைக்கப்பட்டனர். அவற்றுட் பெரியதான மெனிக் பாம் முகாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது.

அந்த மாதங்களில் மக்கள் உயிர் தாங்க உண்ட உப்புக் கஞ்சி இன்று முள்ளிவாய்க்கால் கஞ்சி என்னும் பெயரால் மே 18ஐ ஒட்டிக் காய்ச்சி வழங்கப்படுகின்றது. எந்த ஆகமமும் விதிக்காத இச்சடங்கு, மக்கள் தாமே ஆக்கிக்கொண்டது. வைகாசிப் பொங்கலும் இதே பருவத்திலே வருகின்றது. ஒன்று அடைக்கலம் கிடைத்ததன் நினைவு. மற்றையது கிடைக்காததன் நினைவு. 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரிலே கஞ்சி வழங்கிய பெண்கள் கைதுசெய்யப்பட்டனர். ஒரு கிண்ணம் கஞ்சியும் ஒரு வாக்குமூலமாகும் என்பதை அதனைத் தடுத்தோர் நன்கு விளங்கிக்கொண்டனர் போலும்.

7

வழக்குரை என்னும் அளவுகோலுக்கு வருவோம். 2017 பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றிலிலே, வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். நான்கு நாட்களின் பின் வவுனியாவிலும் அத்தகைய போராட்டம் தொடங்கியது. அவர்களிற் பெரும்பாலோர் தாய்மார். பலர் 2009 மே மாதத்திலே தம் பிள்ளைகளைத் தம் கையாலேயே படையினரிடம் ஒப்படைத்ததாகக் கூறுவோர். 2022 ஆகஸ்டில் கிளிநொச்சிப் போராட்டம் 2000 நாட்களைக் கடந்தது. அதற்குள் விடை அறியாமலே இறந்தோரும் பலர்.

இவர்கள் கையாண்ட வடிவங்களிலே தேங்காய் உடைத்தலும் கற்பூரம் ஏற்றி முறையிடுதலும் அடங்கும். கோயில் முன்றிலைத் தேர்ந்தமை வெறும் இட வசதி கருதியது என ஒருவர் கூறலாம். அவ்வாறாயினும், அங்கு நிகழ்ந்தது வழமையான வேண்டுதலன்று. நேர்த்திக்கடன் என்பது கொடுத்துப் பெறும் ஒப்பந்தம். இதைத் தந்தால் அதைச் செய்வேன் என்பது. முறையீடு அத்தகையதன்று. அது கொடுக்கல் வாங்கலை விடுத்து, நீதி செய் எனக் கேட்கும். பிள்ளையின் படத்தை மார்போடு அணைத்தபடி கோயில் முன்னே நின்ற தாய், தெய்வத்தைச் சாட்சியாக்கி அரசின்மீது வழக்கிடுகின்றாள். முருகன் கோயில் முன்னே நின்ற அவர்கள் கண்ணகியின் பெயரை உச்சரிக்கவேண்டிய அவசியமில்லை. சிலம்பைக் கையில் ஏந்தி நின்றவளும் படத்தைக் கையில் ஏந்தி நிற்பவளும் செய்வது ஒன்றே: சான்றுப் பொருளோடு வாயிலுக்கு வருதல்.

இது தமிழ்ப் பெண்களுக்கே உரிய வடிவமன்று. தென்னிலங்கையிலே 1987-89 காலத்துக் கிளர்ச்சியின்போது பிள்ளைகளை இழந்த சிங்களத் தாய்மார், 1992 யூன் 23ஆம் நாள், ஜனாதிபதி பிரேமதாசவின் பிறந்தநாளில், கொழும்பு முகத்துவாரத்துக் காளி கோயிலிலே தேங்காய் உடைத்துச் சாபமிட்டனர். அன்னையர் முன்னணியின் கண்ணீரையும் சாபத்தையும் மாலதி டி அல்விஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். 1990களிலே மட்டக்களப்பில் அம்மன் கோயில்களில் உருவேறி வாக்குச் சொன்ன பெண்களிடம், காணாமற்போனோரின் உறவினர் சென்று பேசமுடியாதவற்றைப் பேசியதைப் பற்றிசியா லோறன்ஸ் பதிவு செய்துள்ளார். அரசு பேச்சைத் தடைசெய்தபோது தெய்வத்தின் வாய் திறந்தது. போரின் இரு கரைகளிலும் தாய்மார் ஒரே மொழியைப் பேசியுள்ளனர் என்பது வரலாற்றாசிரியரும் அரசியலாளரும் ஒருங்கே சிந்திக்கவேண்டியது.

எனினும் ஒப்புமை முறியும் இடத்தையும் விமரிசகன் காட்டல் வேண்டும். கண்ணகிக்கு ஒரு வாயிலோன் இருந்தான். அவன் அரசனிடம் செய்தி கூறினான். அரசன் அன்றே வழக்குக் கேட்டான், சிலம்பு உடைக்கப்பட்டது, தன் தவற்றை உணர்ந்த கணமே உயிர் துறந்தான். நெடுஞ்செழியனைக் கொடுங்கோலனாக நாம் கற்பிக்கின்றோம். ஆயின் தவற்றை ஒப்புக்கொண்ட அரசன் அவன். வன்னித் தாய்மாருக்கு வாயிலோர் பலர் வாய்த்தனர். 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போனோர் அலுவலகம் என வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. ஒவ்வொன்றிலும் அவர்கள் அதே சாட்சியத்தை மீண்டும் மீண்டும் கூறினர். அரசன் மட்டும் வெளியே வரவில்லை. கேட்போன் இல்லாத வழக்குரையையே இத்தாய்மார் தெய்வத்தின் முன் வைத்தனர். இதனை மூடநம்பிக்கை என்போர், அவர்கள் முதலிலே சென்ற வாயில்களின் எண்ணிக்கையை மறக்கின்றனர். இதனை வெற்றிகரமான எதிர்ப்பு என்போர், அவர்களின் கையில் இன்னும் எந்த விடையும் இல்லை என்பதை மறக்கின்றனர்.

8

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன இவை. இடம்பெயர்ந்தோரின் சமயம் முழுவதும் எதிர்ப்பன்று, முழுவதும் ஆறுதலுமன்று. அது எவ்விடத்தில் அம்மக்களை வினைமுதலாக்குகின்றது என்பதே நாம் கேட்கவேண்டிய வினா. பசித்தவர்க்குச் சோறிடும்போதும், சான்றோடு வாயிலுக்கு வந்து நீதி கேட்கும்போதும் அது அவ்வாறு ஆக்குகின்றது. வந்தவரைப் படலைக்கு வெளியே நிறுத்தும்போது அதே சமயம் அவ்வாற்றலை இழந்துவிடுகின்றது.

இவ்வெச்சரிக்கை இன்று மிகத் தேவையானது. குருந்தூர்மலையிலும் வெடுக்குநாறி மலையிலும் வழிபாட்டுரிமை பற்றிய பிணக்குகள் எழுந்துள்ளன. 2024 மார்ச் 8ஆம் நாள் சிவராத்திரியன்று வெடுக்குநாறியிலே வழிபட்டோர் எண்மர் கைதாகிப் பின்னர் விடுவிக்கப்பட்டனர். தம் கோயிலிலே விளக்கேற்றும் உரிமைக்காக நிற்பது நியாயமானது. ஆனால், தெய்வம் நிலத்திற்குரிய உறுதிப்பத்திரமாக மட்டும் சுருங்குமாயின், ஊர்பேர் தெரியாத மூதாட்டி ஒருத்தி மீண்டும் நந்திக்கடற் கரைக்கு வந்தால் அவளிடம் நாம் முதலிற் கேட்பது பசியையா, அடையாள அட்டையையா என்ற வினா எழும்.

சிலம்பு கூறலையும் காமன் கூத்தையும் தனித்தனிப் பிரதேச மரபுகளாகப் பதிப்பித்து ஆராயும் நமது பல்கலைக்கழகங்கள், அவை வன்னியிலே ஒருவரையொருவர் அயலவராகக் கொண்டு வாழ்ந்த மக்களின் கலைகள் என்ற நோக்கிலே ஒருசேர ஆராய்தல் வேண்டும். புத்தளத்திலே கால் நூற்றாண்டு வாழ்ந்து திரும்பிய வடபுல முஸ்லிம்களின் பிரார்த்தனைகளும் நினைவுகளும் அவ்வாய்வில் இடம்பெறல் வேண்டும். கிளிநொச்சியில் முறையிட்ட தாய்மார் முதுமையடைந்துவிட்டனர். அவர்களின் சொற்கள் அவர்களோடு மறையுமுன் ஏட்டில் ஏறுதல் வேண்டும். கண்ணகியின் வழக்கைக் கேட்ட அரசன் மாண்டபின்னும் அவ்வழக்கை இத்தனை நூற்றாண்டு காத்துவந்தவர்கள் பாடியோரும் படி எடுத்தோருமே. தமிழ் பயிலும் நம்மிடம் எஞ்சியுள்ள கடமையும் அதுவே.